ஒளிப்படத்தில் உருவும் புலமும்

அகப்பாடல்களுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். ஓர் ஒளிப்படத்திலிருந்து ஒருவரின் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறோர் இடத்தில் வைப்பவர் நீக்க முனைவது அந்த முதற்பொருளைத்தான். கடவுச்சீட்டுப் படம், திருமண வரவேற்புப் பதாகை, தேர்தல் சுவரொட்டி, கல்லூரி ஆண்டு மலர் என எங்கும் இவ்வேலை நடைபெறுகின்றது. எனினும், அவ்வாறு வைக்கப்பெற்ற உருவங்களுள் பல ஒட்டிய காகிதம் போலத் துருத்தி நிற்பதைக் காண்கிறோம். நிலமும் பொழுதும் உருவத்தை விட்டு அத்துணை எளிதில் விலகுவதில்லை என்பதே அதற்குக் காரணம். அவை உருவத்தின் விளிம்பிலும் நிறத்திலும் படிந்து கிடக்கின்றன. இதனை விளங்கிக்கொண்டால் இத்தொழிலின் நுட்பங்கள் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இக்கலை கணிப்பொறியோடு பிறந்ததன்று. ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பார் 1857ஆம் ஆண்டிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டு, ஒரே காட்சி போலத் தோன்றும் பெரும்படம் ஒன்றை இங்கிலாந்தில் உருவாக்கினார். ஓர் உருவத்தை அச்சிடும்பொழுது தாளின் பிற பகுதிகளில் ஒளி படாமல் மறைத்துக்கொள்வது அவர் கையாண்ட முறை. பின்னாளில் நெகட்டிவ்வின் மீது ஒளி புகாத மையைத் தூரிகையால் பூசிப் பின்புலத்தை வெண்மையாக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்று நாம் ‘மாஸ்க்’ என்று குறிப்பிடுவது அந்த மறைப்பின் வழித்தோன்றலே. 1990இல் ஃபோட்டோஷாப் மென்பொருள் வெளிவந்தது. 1994இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ‘லேயர்’ எனும் அடுக்குமுறை சேர்ந்தது. அதன்பின் உருவத்தைத் தனி அடுக்காக வைத்துக்கொண்டு நிதானமாகத் திருத்துதல் இயல்வதாயிற்று.

வெட்டும் கருவிகளுள் எளியது ‘மேஜிக் வாண்ட்’. ஓரிடத்தைச் சுட்டினால், அதனை ஒத்த நிறமுடைய புள்ளிகளையெல்லாம் அது தொடர்ச்சியாகத் தேர்ந்துகொள்ளும். ஆனால் அது நிறத்தை மட்டுமே அறியும், பொருளை அறியாது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த பெரியவரைச் சுண்ணாம்புச் சுவரின் முன் நிறுத்திப் படமெடுத்துவிட்டு இக்கருவியிடம் தந்தால், சுவரோடு தொப்பியும் போய்விடும்!

இத்தகைய இடங்களில் ‘பென் டூல்’ எனும் எழுதுகோல் கருவியே துணை. விளிம்பின் மீது புள்ளிகளை ஊன்றி, அவற்றிடையே வளைகோடுகளை அமைத்துச் செல்வது இதன் முறை. பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே கார்களின் உடலமைப்பை வரையப் பயன்படுத்திய வளைகோடுகளே இவை. புள்ளிகள் குறையக் குறைய வளைவு அழகு பெறும். தோளின் வளைவிற்கு இரண்டு மூன்று போதும். முப்பது ஊன்றுவோர் தோளைப் பல்சக்கரமாக்கிவிடுகின்றனர். விளிம்பிற்கு ஒரு பிக்சல் உட்புறமாகவே கோட்டைச் செலுத்துதல் நன்று. பழைய பின்புலத்தின் மெல்லிய கீற்று ஒட்டி வாராது.

மேசை, குடம், கார் முதலியவற்றிற்கு இது போதும். தலைமயிர்க்கும் தாடிக்கும் மெல்லிய முந்தானைக்கும் போதாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மயிரிழை ஓடும் இடத்திலுள்ள புள்ளி முழுக்கறுப்பாக இல்லை என்பது தெரியும். மயிரின் நிறமும் பின்னிருக்கும் சுவரின் நிறமும் அந்த ஒரே புள்ளியில் கலந்திருக்கின்றன. அக்கலவையில் உருவத்தின் பங்கு எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பர். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். இவ்வெண்ணைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் கணக்கை 1984இல் போர்ட்டர், டஃப் என்னும் இருவர் ஒழுங்குற வகுத்தளித்தனர். இணைப்பது எளிது; பிரிப்பதுதான் அரிது. ஒரு புள்ளியில் நாம் அறிந்தவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய 3 அளவுகள். அறிய வேண்டியவையோ உருவத்தின் நிறம் 3, பின்புலத்தின் நிறம் 3, ஆல்ஃபா 1 என 7. மூன்று சமன்பாடுகளைக் கொண்டு ஏழு மதிப்புகளைக் காண்பது எங்ஙனம்?

திரைப்படத்துறையினர் பின்புலத்தை முன்னரே அறிந்த நிறமாக்கி இச்சிக்கலைக் குறைத்தனர். 1959இல் வெளிவந்த ‘பென்-ஹர்’ படத்திற்காக நீலத்திரை முறையை பெட்ரோ விளாஹோஸ் செம்மைப்படுத்தினார். மனிதத் தோலில் நீலம் குறைவு என்பது இதற்கு வசதியாயிற்று. டிஜிட்டல் கேமராவின் உணரியில் பச்சைக்குரிய புள்ளிகள் மற்றவற்றைப்போல் இருமடங்காக இருப்பது, பின்னர்ப் பச்சைத்திரை பரவியதற்கு ஒரு காரணம். அத்திரையின் முன் பச்சைச் சேலை உடுத்தி அமர்ந்தால் சேலையும் உடன் மறையும். பின்புலம் அறியப்பட்ட பின்னும் தெரியாதவை 4 எஞ்சும். ஒரே பொருளை இருவேறு நிறத்திரைகளின் முன் அசையாது வைத்துப் படமெடுத்தால் விடை முழுமையாகக் கிட்டும் என்று ஸ்மித், பிளின் ஆகியோர் 1996இல் காட்டினர். மனிதர் அசையாதிருப்பது கடினமாகையால் இது பொருள்களுக்கே மிகுதியும் ஏற்றது.

2017க்குப் பின் நரம்பு வலைப்பின்னல் முறைகள் இத்துறையில் வேகமாகப் பரவின. இன்று கைப்பேசி ஒரே தொடுகையில் உருவத்தைப் பிரித்துத் தருகின்றது. அது அந்த ஏழையும் கணித்துத் தருவதன்று. முன்பு கண்ட எண்ணற்ற படங்களைக் கொண்டு ஊகித்துத் தருவது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமைகின்றது. ஆயினும் கைத்தடியின் நுனி, மூக்குக்கண்ணாடியின் கம்பி, இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட வெளி ஆகியவற்றை நம் கண்ணால் சரிபார்த்தே ஆகவேண்டும். வெட்டிய உருவத்தைக் கருநிறத்தின் மீது ஒருமுறையும் வெண்ணிறத்தின் மீது ஒருமுறையும் வைத்துப் பார்த்தால் குறைகள் தாமே தெரியும். புல்வெளியில் நின்றவரின் மோவாய்க்கடியில் பச்சை படிந்திருப்பின் அதனையும் அகற்ற வேண்டும். மாலைவெயில் இடப்புறம் விழுந்த முகத்தை, வெயில் வலப்புறம் விழும் காட்சியில் பொருத்தினால் எந்தக் கருவியாலும் அதை மறைக்க இயலாது.

இனி, மலர்க்குழுவினர்க்கு ஒன்று. நிறுவனர், முன்னாள் முதல்வர் முதலியோரின் தனிப்படம் கிடையாதபோது பழைய குழுப்படத்திலிருந்து வெட்டியெடுக்கிறோம். அவர் தோளின் மீது அருகில் நின்ற நண்பரின் விரல்கள் இருக்கும். அவற்றை அழித்துச் சட்டைத்துணியால் நிரப்புவது எளிது. ஆனால் அவ்விரல்கள் ஒரு நட்பின் சான்று. சோவியத் நாட்டில், மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுடன் நின்ற யெழோவ் 1940இல் கொல்லப்பட்ட பின் படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் நீர் தீட்டப்பெற்றது. நம் நோக்கம் அதுவன்று. ஆனால் கை செய்யும் வேலை ஒன்றே. ஆகவே வெட்டிய படத்தின் கீழ், ‘இன்ன ஆண்டுக் குழுப்படத்திலிருந்து’ என ஒரு வரி அச்சிடுதல் வேண்டும் என்பது நம் கருத்து. அழிப்பானைப் பயன்படுத்தாமல் மாஸ்க் கொண்டு மறைத்தால் மூலம் சிதையாது. ஜேபெக் கோப்பு ஒளிபுகும் பகுதிகளைக் காக்காது என்பதால், வெட்டிய உருவை பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் சேமித்து, முழுக் குழுப்படத்தையும் நிற்பவர்களின் பெயர்களோடு துறை நூலகத்தில் ஒப்படைத்துவிடலாம். அப்பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.