கிராங்கைப் பிரித்துப் பூட்டுவது எப்படி?

மட்டக்களப்பில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் வாவியைக் கடந்து ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவரை இருந்ததைத் திருத்தி ஓட்டுவதுதான் வழியாக இருந்தது.

எஞ்சினுக்குள் 'டொக் டொக்' என்று தட்டினால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் கீழ்முனைப் பெயாரிங் தேய்ந்திருக்கலாம். மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் பெரும்பாலும் முழுக் கிராங்கையும் மாற்றச் சொல்கின்றன. ஏன்? ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் கிராங்க் ஒரே துண்டு அல்ல. கனத்த இரண்டு உருக்குச் சில்லுகளை நடுவில், அந்தப் பெயாரிங் சுழலும் ஒரு பின் இணைக்கிறது. ஆணியும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. துளையைவிடப் பின் மயிரிழை பெரிது. பெரும் அழுத்தத்தில் திணிக்கும்போது விரிந்த உருக்கு மீள முயன்று பின்னை இறுகப் பிடிக்கிறது. அதைச் சரியாகப் பொருத்துவது நுட்பமான வேலை.

லேத் கடைக்காரர் ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் பின்னைத் தள்ளி எடுத்து, புது ரொட், பின், பெயாரிங் போட்டு மறுபடி அழுத்துகிறார். இதுவரை சுலபம். கஷ்டம் நேராக்குவதில்தான்: இரு பக்கத் தண்டுகளும் ஒரே அச்சில் சுழல வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி, கோணலை மில்லிமீற்றரின் நூறில் சில பங்குக்குள் கொண்டுவர வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் செக்கனுக்கு 100. மிஞ்சிய கோணல் பக்கப் பெயாரிங்குகளைத் தின்றுவிடும்.

ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் துளை சற்றே தேய்கிறது. பிடி தளர்ந்தால் பின் நழுவும். வெல்ட் வைத்துப் பிடிப்பவர்களும் உண்டு. சூட்டில் சில்லு கோணலாகிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. துளை தளர்ந்த கிராங்குக்குச் செலவழிக்காதீர்கள், புதியதை வாங்குங்கள்.