துண்டு மரம் – 9: கப்பலில் வந்த கொலுப்படி

ஆவணி பிறந்துவிட்டால் கொலு வைக்கும் வீடுகளில் பரணை அண்ணாந்து பார்க்கத் தொடங்குவார்கள். பொம்மைகள் பத்திரமாக இருக்கும். படிக்குத்தான் திண்டாட்டம். முன்பெல்லாம் டிரங்குப் பெட்டி, பெஞ்சு, அரிசி டின் என்று கைக்குக் கிடைத்ததை அடுக்கி, மேலே பலகை போட்டு வெள்ளை வேட்டியை விரித்தால் முடிந்தது. அந்தச் சாமான்களே இப்போது பாதி வீடுகளில் இல்லை. கடையில் இரும்புப் படி விற்கிறது. தச்சரிடம் சொன்னால் தேக்கிலேயே செய்து தருவார். ஒன்பது நாள் நின்றுவிட்டு மீதி வருஷமெல்லாம் பரணில் கிடக்கும் ஒரு பொருளுக்கு ஒரு தேக்கு மரம் சாக வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தொழிற்சாலைகள் கழித்துப் போடும் பைன் பலகையே இதற்குத் தாராளம்.

அந்தப் பலகை கிடைப்பது பேலட்டில்; சரக்குப் பெட்டிகளைத் தாங்கி வரும் மரத்தட்டுக்குத்தான் அந்தப் பெயர். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் மாதிரித் தொழிற்பேட்டைப் பக்கங்களில் பழைய மரக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கே போனதும் விலை பேசாதீர்கள். முதலில் முத்திரையைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில் சூடு போட்டோ மையிலோ ஒரு சின்னம் இருக்கும். கோதுமைக் கதிர் படம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பிறகு அந்த மரத்துக்கு என்ன செய்தார்கள் என்பதற்கான எழுத்துகள்.

இந்த முத்திரைக்குப் பின்னால் காடுகளின் கவலை இருக்கிறது. 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். சரக்கு கட்டிவந்த மரத்துக்குள் ஒளிந்து அது கடல் தாண்டியிருந்தது. அது தொற்றிய மேப்பிள் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி அழிக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட பூச்சிகளைத் தடுக்கவே 2002-ல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 15-ஆம் எண் விதி வந்தது. நாடு விட்டு நாடு போகும் பேலட் மரத்தைப் பூச்சி நீக்கித்தான் அனுப்ப வேண்டும் என்றது அந்த விதி.

ஹெச்.டி. என்று இருந்தால் சூடேற்றிய மரம். நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, அப்படியே 30 நிமிடம் நின்றிருக்கும். இதை வாங்குங்கள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்து எடுத்தது. ஓசோன் படலத்தை அரிக்கும் இந்த வாயுவை ஐரோப்பிய ஒன்றியம் 2010-லேயே விலக்கிவிட்டது. வாயு எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும் என்று கடைக்காரர் சொல்லலாம். சொல்லட்டும். குழந்தைகள் கைவைக்கும் சாமானுக்கு அந்த மரம் வேண்டாம். முத்திரையே இல்லாத பலகையில் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் அதையும் தொடாதீர்கள்.

இடித்த வீட்டின் ஜன்னல் கதவும் அதே கடையில் கிடைக்கும். மரமும் நன்றாகவே இருக்கும். ஆனால் பழைய பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே அதுவும் வேண்டாம்.

இனி வேலை. பேலட் பலகை சுமார் நான்கு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் இருக்கும். ஆணியைப் பிடுங்கப் போராடினால் பைன் பிளந்துவிடும். ஆணி அடித்த முனைகளை அறுத்துத் தள்ளுங்கள். மூன்றடிக்குக் குறையாமல் மிஞ்சும். காலுக்கு மட்டும் நாற்பது அங்குலம் தேறுகிற நீளப் பலகையாகப் பார்த்து ஒதுக்கிவையுங்கள்.

ஐந்து படிக்கு ஐந்து குட்டி பெஞ்சுகள். உயரம் 8, 16, 24, 32, 40 அங்குலம். நீளம்தான் இதில் சூட்சுமம். உயரமான பெஞ்சு 36 அங்குலம், அடுத்தது 34, பிறகு 32, 30, 28. இரண்டு பக்கக் காலின் கனம் ஒன்றரை அங்குலம், நுழைந்து வர அரை அங்குலம். அதற்காகத்தான் இரண்டிரண்டாகக் குறைக்கிறோம். நவராத்திரி முடிந்ததும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிவிட்டால் எல்லாம் பெரிய பெஞ்சின் வயிற்றுக்குள் அடங்கிவிடும். ஃபிளாட்டில் குடியிருப்பவர்களுக்கு இதைவிட உபகாரம் ஏது?

மேல்தட்டுக்கு இரண்டு பலகை, நடுவில் அரை அங்குல இடைவெளி. இடைவெளியை மூட நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் மரம் அகலவாட்டில்தான் உப்பும். அதற்கு இடம் வேண்டும். எப்படியும் மேலே வேட்டி வரப்போகிறது. காலுக்கும் இரண்டிரண்டு பலகை. பலகையின் முனையில் ஸ்க்ரூ பிடிமானம் கொள்ளாது. அதனால் மேல் மூலையின் உள்பக்கம் ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டை ஒன்றை வைத்து, தட்டையும் காலையும் அதில் முடுக்குங்கள். ஸ்க்ரூவுக்கு முன்னால் டிரில்லில் சிறு துளை போடுவது கட்டாயம். அத்தோடு தட்டுக்கு அடியில் முன்னும் பின்னும் ஒரு நான்கு அங்குலப் பலகையைக் குறுக்கே அடித்தால்தான் பெஞ்சு பக்கவாட்டில் ஆடாது. உள்ளே போகும் பெஞ்சு எட்டு அங்குலம் குட்டை என்பதால் இந்தப் பலகை வழிமறிக்காது. 40 அங்குலப் பெஞ்சை மட்டும் பின் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். மரப்பாச்சியும் கலசமும் அதன்மேல்தான் வரும்.

சிராய் குத்தாமல் இருக்க 80, பிறகு 120 எண் உப்புத்தாள். பெயின்ட் வேண்டாம். சூடேற்றிய மரம் என்பதற்காகக் கறையான் வராது என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சூடு அன்றைக்கு இருந்த பூச்சியைத்தான் கொன்றது. பரணில் சுவரை ஒட்டாமல் வையுங்கள், தை மாதம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

அறுத்துத் தள்ளிய முனைத் துண்டுகளைக் கணு இருப்பது, இல்லாதது என்று பிரித்து ஒரு சாக்கில் போட்டுவையுங்கள். அடுத்த வாரம் அவற்றில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவோம். கூரைக்குக் கணு இல்லாத துண்டாகப் பதினாறு வேண்டும்.