அணைந்த விளக்கை நம்பலாமா?

பிரேக் பேட் தேய்ந்ததை அறிவிக்கும் சென்சாரின் கம்பி அறுந்துவிட்டால், காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. வண்டிப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு கம்பிகளின் தோலையும் சீவி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட வேண்டியதுதான். டேஷ்போர்டில் எரிந்த விளக்கு அணைந்துவிடும். பிரேக்கும் முன்பு போலவே பிடிக்கும். பினாங்குப் பாலம் தீவில் வந்து இறங்கும் கெலுகோரில், காலையில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஊர்ந்துபோகும் வரிசையில் இப்படிக் ‘குணமான’ கார் ஒன்று நின்றாலும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. விளக்கை அணைப்பதையும் கம்பியைச் சரிசெய்வதையும் ஒன்றாக எண்ணுவதில்தான் ஆபத்து இருக்கிறது. பேட் தேய்ந்தால் அந்த விளக்கு மறுபடி எரியுமா என்று கேட்டுத்தான் வேலையின் தரத்தை மதிப்பிட வேண்டும்.

இது ஏன் என்று புரிய, சென்சார் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கூலிமிலேயே பொருத்தப்படும் பிஎம்டபிள்யூ கார்களில், பேட்டுக்குள் செருகியிருக்கும் சென்சாரின் நுனியில் மெல்லிய கம்பி ஒன்று வளைந்து திரும்புகிறது. அதன் வழியாகச் சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பேட் தேய்ந்து மெலியும்போது சுழலும் டிஸ்க் அந்த நுனியை உராய்ந்து அறுத்துவிடும். ஓட்டம் நின்றதும் விளக்கு எரியும். ரயில் பாதைக்கு வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற மூடிய மின்சுற்றிலும் இதே சிந்தனைதான்: கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் சிக்னல் ஆபத்தையே காட்ட வேண்டும். எனவே கம்பியை எலி கடித்தாலும் சாலைக்கல் அறுத்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும். அதைப் ‘பொய் எச்சரிக்கை’ என்று திட்டுவது நியாயமில்லை. பேட்டைப் பற்றி இனி என்னால் எதுவும் சொல்ல முடியாது என்று அது உண்மையைத்தான் சொல்கிறது. இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்தால், பேட் முழுதாகக் கரைந்து இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறினாலும் விளக்கு வாய் திறக்காது. மெர்சிடிஸ் பென்ஸின் பல மாடல்களில் ஏற்பாடு நேர்மாறானது. ஒற்றைக் கம்பியின் நுனி டிஸ்க்கைத் தொட்டு, வண்டியின் உடலோடு மின்தொடர்பு உண்டானால்தான் விளக்கு எரியும். அங்கே கம்பி நடுவில் அறுந்தால் எந்தச் சத்தமும் இருக்காது. என்னைக் கேட்டால், இரண்டில் இதுவே மோசமான ஏற்பாடு.

ஒட்டுப்போட்ட கம்பியே கூடாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்பார்கள் சிலர். பாதி சரி. டிஸ்க் உராய்ந்த நுனியைக் கொண்ட சென்சார் வேலையை முடித்துவிட்டது. அதைப் புதிதாகவே போட வேண்டும். ஆனால் அறுந்தது வண்டிப் பக்கத்து வயரிங் என்றால், ஒரு சாண் கம்பிக்காக முழு வயரிங் கட்டையும் மாற்றுவது வீண். ஒட்டு எங்கே விழுகிறது, எப்படி விழுகிறது என்பதே முக்கியம். ஸ்டியரிங் திரும்பும்போதும் சக்கரம் ஏறி இறங்கும்போதும் கம்பி வளைந்துகொண்டே இருக்கிறது. தாமிர இழைகள் களைத்து ஒவ்வொன்றாக முறியும் இடம் அது. அங்கே சால்டர் வைத்தால், உருகிய கலவை இழைகளுக்குள் ஊறி அந்தத் துண்டை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் கம்பி மறுபடி ஒடியும். பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிபரை ஒட்டிய இடமும் கூடாது. வழக்கமான ஈயம்-வெள்ளீயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மலை இறக்கத்தில் பிரேக்கின் சூடு அதைத் தாண்டக்கூடியது. ஆகவே, கம்பி கிளிப்பில் அசையாமல் நிற்கும் உடல்பக்கத்தில், கம்பிகளை நசுக்கி இணைக்கும் கிரிம்ப் போட்டு, உள்ளே பசை பூசிய சுருங்கு குழாயைச் சூடுகாட்டி மூட வேண்டும். பசை எதற்கு என்றால் பினாங்கின் காற்றுக்கு. கடலோர நெடுஞ்சாலையின் உப்பும் மழைநீரும் டேப்பின் இடுக்கில் புகுந்து, இழைகளுக்கு இடையே தானாக ஊறி மேலேறும். தாமிரம் பச்சை பூக்கும், மின்தடை கூடும், விளக்கு ஒரு நாள் எரியும், மறுநாள் அணையும். அப்புறம் அதை யாரும் நம்பமாட்டார்கள்.

இவ்வளவு பாடு தேவையா, உள்நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் இந்தக் கம்பியே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவற்றில் பல, பேட்டில் பொருத்திய சிறு தகடு டிஸ்க்கை உரசிக் கிறீச்சிடுவதை நம்பியிருக்கின்றன. சென்சார் இல்லாத காரின் ஓட்டுநருக்கு, பேட்டைத் தானே பார்க்க வேண்டும் என்று தெரியும். வாயடைத்த சென்சார் உள்ள காரிலோ, அணைந்த விளக்கு ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சக்கரத்தின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால் போதாதா? தெரிவது பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட். காலிபரின் வழுக்கு ஊசிகள் துருவேறி இறுகினால் உள்பக்கப் பேட் முந்திக்கொண்டு தேயும். மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. பெயர் மாற்றம் போன்ற வேளைகளில்தான் வண்டி புஸ்பாகோம் போன்ற சோதனை நிலையத்துக்குப் போகிறது. காரை அடுத்து வாங்குபவருக்கு, டேப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வாய்ப்பே இல்லை.

சுமையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1500 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்த, பிரேக் சுமார் 208 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். அதே கார் 200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 29 லட்சம் ஜூலுக்கு மேல். அதாவது அப்படிப்பட்ட 14 நிறுத்தங்களுக்குச் சமம். என்ஜினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி பேட்டின் தலையில். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலையேறி இறங்கும் ஜாலான் துன் சார்டோன் சாலையில் போய்வருபவருக்கு, பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பது வெறும் பராமரிப்புக் கணக்காக இருக்க முடியாது.

பட்டறையில் இந்த வேலை முடிந்ததும் பணம் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள். இரட்டைக் கம்பிச் சென்சார் என்றால், அதன் செருகியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிய வேண்டும். ஒற்றைக் கம்பி என்றால், சென்சாரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துக் கம்பியின் முனையை வண்டியின் உடலில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் வேலை முடியவில்லை.