கூரைக் கம்பத்திலிருந்து கைப்பேசிக்கு



தொலைக்காட்சி பார்க்கும் முறை நம் வீடுகளில் எப்படி மாறிவருகிறது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

சுங்கை வே வட்டாரத்தை உங்களில் பலர் அறிவீர்கள். பால்மரங்கள் நின்ற அந்தப் பக்கத்தில் 1970-களில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய பெண்கள் பலர். அவர்கள் சேர்த்த பணத்தில் லயத்து வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தது.

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-இல். வண்ணப் படம் வந்தது 1978-இல். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது, தமிழ்ப்படம் போடும் நாளில் பெட்டி உள்ள வீட்டின் முன்னறையில் பாய் விரித்து எல்லாரும் உட்காருவோம். படம் மங்கினால் அண்ணன் ஒருவர் வெளியே ஓடிப்போய் ஏரியல் கம்பத்தைத் திருப்புவார். "தெரியுதா?" என்று அவர் கேட்பார். "இன்னும் கொஞ்சம்!" என்று உள்ளிருந்து பத்துக் குரல்கள் கேட்கும்.

1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. கூரைகளில் தட்டு ஏறியது. 2019 அக்டோபர் மாத இறுதியில் பழைய ஒளிபரப்பு முறை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, டிஜிட்டல் முறை வந்தது. இதற்கிடையில் யூடியூப் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2016-இல் நெட்ஃபிலிக்சும் நம் நாட்டில் தொடங்கியது. 2020 நவம்பரில் 'சூரரைப் போற்று' படம் திரையரங்குக்கே போகாமல் நேரே இணையத்தில் வெளியானது. படம் வந்த நாளிலேயே தோட்டத்து வீட்டில் இருந்தபடி பார்க்க முடிந்தது.

சரி, ஏரியலில் வரும் படத்துக்கும் இணையத்தில் வரும் படத்துக்கும் என்ன வேறுபாடு?

ஒளிபரப்பு என்பது கோயில் மணி போன்றது. ஒருமுறை அடித்தால் தோட்டம் முழுவதும் கேட்கும். பத்துப்பேர் கேட்டாலும் பதினாயிரம்பேர் கேட்டாலும் மணி அடிப்பவருக்கு வேலை ஒன்றுதான், கேட்பவருக்குச் செலவில்லை.

இணையப் படமோ குழாய்த் தண்ணீர் போன்றது. அவரவர் திறந்தால்தான் அவரவர் வாளியில் விழும். நாம் பொத்தானை அழுத்தியதும் எங்கோ உள்ள கணினி, நமக்கென்று தனியாக அந்தப் படத்தைச் சில விநாடி அளவுள்ள சிறு துண்டுகளாக அனுப்புகிறது. கைப்பேசி முன்கூட்டியே சில துண்டுகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டு வரிசையாகக் காட்டுகிறது. மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் மெலிந்து விழுமல்லவா? அதுபோல இணைய வேகம் குறைந்தால், முதலில் படம் மங்குகிறது. பிறகு துண்டு வந்துசேராமல், திரையில் வட்டம் சுற்றுகிறது.

குழாய்த் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. இதற்கும் உண்டு. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் ஏறக்குறைய 1 ஜிபி டேட்டா செலவாகும். உயர்ந்த தரத்தில் 3 ஜிபி வரை போகும். இரண்டரை மணி நேரப் படத்தை உயர்ந்த தரத்தில் பார்த்தால் ஏழு ஜிபிக்கு மேலாகலாம். ஒரே படத்தை மூன்று பிள்ளைகள் மூன்று கைப்பேசியில் பார்த்தால் மூன்று மடங்கு.

இதன் விளைவை ஆசிரியர்களாகிய நாங்கள் 2020-இல் கண்டோம். மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு, பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்களைக் கைப்பேசிக்கு அனுப்பினோம். சில வீடுகளிலிருந்து மாலையில்தான் பதில் வரும். கைப்பேசி ஒன்றே ஒன்று. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இன்னும் சில வீடுகளில் கைப்பேசி இருக்கும், டேட்டா இருக்காது. "படம் பார்த்து முடிஞ்சிருச்சு டீச்சர்" என்று ஒரு பிள்ளை தலைகுனிந்து சொன்னது இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது. பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? குழாயை எப்போது மூடுவது என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. பிறகு 2021 பிப்ரவரியில் கல்வியமைச்சின் டிடிக் டிவி தொடங்கியபோது, டேட்டா இல்லாத வீட்டுக்கும் பாடம் ஏரியல் வழியாகவே போய்ச் சேர்ந்தது. மணியின் அருமை அப்போது புரிந்தது.

ஆகவே புதியதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து வருபவர், தமக்கு வசதியான நேரத்தில் நிகழ்ச்சியைப் பார்க்கலாம். புரியாத கணக்கைப் பிள்ளை பத்துமுறை திருப்பிக் கேட்கலாம். ஆனால் முன்பெல்லாம் எதை, எப்போது, எவ்வளவு என்பதை நிலையத்தார் முடிவு செய்தார்கள்; நள்ளிரவில் அவர்களே மூடினார்கள். இன்று அந்தப் பொறுப்பு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு படம் முடிந்தால் அடுத்தது தானே ஓடுகிறது. நிறுத்துவதற்கு நாம்தான் உண்டு.

நாம் செய்யக்கூடியவை சில. செய்தியையும் பொது நிகழ்ச்சியையும் ஏரியல் வழி இலவசமாக வரும் டிஜிட்டல் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். கைப்பேசியில் படத்தின் தரத்தைக் குறைத்து வைக்கலாம். சிறிய திரையில் அதிக வேறுபாடு தெரியாது. அடுத்த படம் தானே ஓடுவதை அமைப்பில் நிறுத்தி வைக்கலாம். மாதத் தொடக்கத்திலேயே பாடத்துக்கென்று கொஞ்சம் டேட்டாவை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் படம் பார்க்கலாம். விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் வீட்டில், இரவு இத்தனை மணிக்குமேல் கைப்பேசி இல்லை என்ற விதி பெரியவர்களுக்கும் பொருந்தட்டும்.

இயன்றால், வாரத்தில் ஒரு படத்தையாவது ஒரே திரையில் எல்லாரும் சேர்ந்து பாருங்கள். மூன்று வாளித் தண்ணீர் ஒரு வாளியாகும். பழையபடி பாய் விரித்து உட்கார்ந்து, பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேசவும் இடம் கிடைக்கும்.