எந்த ‘வட்டி’ ஓடும்?

வங்கி மென்பொருள் ஒன்றில் ‘கணக்கு’ என்றொரு கிளாஸ். அதன் வாரிசு ‘சேமிப்புக் கணக்கு’. இரண்டிலும் ‘வட்டி’ என்ற மெத்தட் உண்டு. மாறியின் வகை ‘கணக்கு’. அது சுட்டும் பொருளோ சேமிப்புக் கணக்கு. வட்டியை அழைத்தால் எது ஓடும்?

மொழியைப் பொறுத்தது. தனியாக எதுவும் சொல்லாவிட்டால், சி++ கம்பைலர் மாறியின் வகையை மட்டும் பார்த்து, தாய் கிளாஸின் வட்டியை முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடும். இது நிலைப் பிணைப்பு. ஜாவாவில் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் ஓடும். நிரல் ஓடும்போது பொருளைப் பார்த்து முடிவெடுக்கும் இயங்குநிலைப் பிணைப்பு.

சி++-இலும் இதைப் பெறலாம். எப்படி? மெத்தடுக்கு முன்னால் ‘விர்ச்சுவல்’ என்று எழுதினால், வழக்கமாக ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு முகவரி அட்டவணை தயாராகும். பொருளுக்குள் அந்த அட்டவணையைக் காட்டும் சுட்டி ஒளிந்திருக்கும். 64 பிட் கணினியில் 8 பைட். அழைப்பு வந்ததும் சுட்டி வழியே அட்டவணைக்குப் போய், அங்குள்ள முகவரிக்குத் தாவ வேண்டியதுதான். செலவு சொற்பம். எது ஓடும் என்று முன்பே தெரியாததால், மெத்தடின் உடலை அழைக்கும் இடத்திலேயே பதித்து வேகம் கூட்டுவது பல சமயம் கைகூடாது; உண்மையான இழப்பு அதுதான்.

நார்வேயில் டாலும் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே இந்த விர்ச்சுவல் யோசனை இருந்தது.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஜாவாவிலும் ஸ்டாடிக், பிரைவேட் மெத்தடுகளுக்கு நிலைப் பிணைப்புதான்.