ஓரிரு இடங்களில் மழை: எந்த இடத்தில்?

புரட்டாசி பிறந்த கையோடு வானிலை அறிக்கையில் சில வரிகள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்பார்கள். அன்றிரவு தாம்பரத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அண்ணா நகரில் மொட்டை மாடித் துணி நனைந்திருக்காது. மறுநாள் காலை இரண்டு ஊர்க்காரர்களும் வானிலை மையத்தைத்தான் திட்டுவார்கள். உண்மையில் அறிக்கை பலித்திருக்கிறது. அந்த வாரத்து மழையின் குணமே அப்படி.

‘ஓரிரு இடங்கள்’ என்பது வானிலைத் துறையில் அளவு உள்ள சொல். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவானால் அது ஓரிரு இடங்கள். கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் ஒருசில இடங்கள். முக்கால்வாசியைத் தாண்டினால் பெரும்பாலான இடங்கள். ஆக, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்ற அறிவிப்பு முக்கால்வாசிப் பேருக்கு மழை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எந்தக் கால்வாசி என்பதை மட்டும் அது சொல்வதில்லை. ஏன் சொல்ல முடிவதில்லை என்பதற்கு மழை உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பது பழமொழி. முதல் பாதி காரணம், இரண்டாம் பாதி விளைவு. தென்மேற்குப் பருவமழை கேரளத்திலும் கொங்கணத்திலும் கொட்டும் நாள்களில் மேற்குக் காற்று பலமாக வீசும். மலையைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்றில் ஈரம் குறைவு என்பதால் வட தமிழகம் காய்ந்து கிடக்கும். செப்டம்பரில் அந்தக் காற்று தளர்கிறது. வெயில் மட்டும் தளர்வதில்லை. பகலில் தரை சூடேற, நண்பகல் வாக்கில் வங்கக் கடலிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றும் கிழக்கிலிருந்து வரும் காற்றும் சந்திக்கும் கோட்டில் இரண்டுக்கும் போக்கிடம் மேலேதான்.

அறிக்கையில் வரும் ‘வேக மாறுபாடு’ செய்வதும் இதே வேலையைத்தான். விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் நெருக்கியடித்து நிற்பதுபோல, வேகமாக வரும் காற்று முன்னால் மெதுவாகப் போகும் காற்றை முட்டும் இடத்தில் குவிகிறது. குவிந்த காற்று மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. நீராவி துளியாகும்போது வெளியாகும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்திலேயே உறைநிலை வந்துவிடும். இந்த இடிமேகங்களோ 12 கி.மீ.க்கும் மேலே எழும்புபவை. உள்ளே பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பிரியும்போது மின்னேற்றம் பிரிந்து, மின்னல் பிறக்கிறது. வெப்பச்சலன மழை என்று இதற்குப் பெயர்.

இப்படி வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பிற்பகலில் எழும் மேகங்களை மேலடுக்கு மேற்குக் காற்று கடலை நோக்கித் தள்ளுகிறது. வேலூருக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 130 கி.மீ. மணிக்கு 30, 40 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் மூன்று, நான்கு மணி நேரம். செப்டம்பரில் சென்னைக்கு மழை பெரும்பாலும் ராத்திரியில் வருவது இதனால்தான்.

ஆனால் கிளம்பிய மேகம் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. தனி இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் விரிந்து, எதிரே உள்ள சூடான காற்றைத் தூக்கிவிட்டு அடுத்த மேகத்தைப் பிறப்பித்தால் மழை தொடர்ந்து முன்னேறும். பிறப்பிக்காவிட்டால் காஞ்சிபுரத்தோடு கதை முடிந்தது. மழைக்கு அரை மணி முன்பு ஜன்னல் கதவை அடிக்கும் சில்லென்ற காற்று, அந்த மேகம் அனுப்பியதுதான்.

கணினிகள் திணறுவதும் இங்கேதான். நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அவை கணிக்கின்றன. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ‘பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்’ 6 கி.மீ. கட்டங்களில் இயங்குகிறது. அதற்கு முன் 12 கி.மீ. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் ஓர் இடிமேகத்தின் குறுக்களவே 5 முதல் 10 கி.மீ. மேகமும் கட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது, எந்தத் தெருவில் பெய்யும் என்று மூன்று நாள் முன்னால் சொல்ல வழியில்லை.

மழையின் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 64.5 மி.மீ.க்கு மேல் போனால் கனமழை, 115.6 மி.மீ.யிலிருந்து மிக கனமழை. இவை காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் 8.30 வரையிலான 24 மணி நேரக் கணக்கு. நாள் முழுக்கத் தூறிச் சேரும் 7 செ.மீ. மழை மண்ணில் இறங்கிவிடும். அதே 7 செ.மீ. ஒன்றரை மணி நேரத்தில் கொட்டினால் சதுர மீட்டருக்கு 70 லிட்டர். எந்த வடிகாலும் தடுமாறும். புரட்டாசி மழை இரண்டாவது ரகம்.

எனவே இந்த வாரங்களில் முன்னறிவிப்பை இரண்டு அடுக்காகப் படிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கான அறிக்கை சொல்வது சூழலை: மேற்குக் காற்று தளர்கிறதா, ஆந்திரக் கரையோரம் மேலடுக்குச் சுழற்சி உண்டா, எந்த நாள்களில் மழை பரவலாகும் என்பது. டெல்டாவில் குறுவையை அறுவடை செய்யக் காத்திருப்பவருக்கு இது போதும், இதுதான் தேவையும்கூட. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழை வலுக்கும் நாளுக்கு முன்பே அறுத்துக் காயவைப்பதா, ஒரு வாரம் தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்க, செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரைகள் உதவும்.

அலுவலகத்திலிருந்து வண்டியில் வீடு திரும்புபவருக்குத் தேவை வேறு. அவர் மாலை 5 மணிக்கு மேல் ரேடார் படத்தையும், அடுத்த 3 மணி நேரத்துக்கான மாவட்ட எச்சரிக்கையையும் பார்க்கலாம். ரேடார் மழைத்துளிகளையே நேரடியாகப் பார்க்கிறது என்பதால் அந்த நேரத்தில் அதற்கு ஈடு எந்தக் கணினி மாதிரியும் இல்லை. வயல்வெளியில் வேலை செய்பவர்களுக்கு மின்னலை எச்சரிக்கும் ‘தாமினி’ செயலி இருக்கிறது. இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னலின் எல்லைக்குள் இருக்கிறோம் என்று பொருள். மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். பிறகு மேகம் கிழக்கிலிருந்து வரும். கடலோரத்தில் விடியற்காலை மழை கூடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்வு மண்டலங்களையும் புயல்களையும் மூன்று, நான்கு நாள் முன்னதாகவே ஓரளவு தெளிவாகக் கணித்துவிடுகிறார்கள். நவம்பர் புயலை அத்தனை நாள் முன்பே கண்டுகொள்ளும் அதே அறிவியலுக்கு, செப்டம்பர் மாலையில் பல்லாவரத்தில் பெய்யுமா என்பது அன்று மாலைதான் தெரிகிறது. அந்த மேகம் காலையில் உருவாகியே இருக்காது.