கணித மதிப்பெண்ணின் உண்மை எடை

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில், கணிதத்தில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காத பிள்ளையின் வீடு துக்க வீடாகிவிடுகிறது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் பெற்றோருக்கு நான் கூறுவது ஒன்றே: இழப்பை முதலில் அளந்து பாருங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 78, இயற்பியலில் 90, வேதியியலில் 92 பெற்றவரின் கட்-ஆஃப் 78+45+46, அதாவது 169. கணிதத்தில் இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் இங்கே முழுதாகக் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால், இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசை. வினாத்தாள் அனைவருக்கும் கடினமாக இருந்திருந்தால், கல்லூரிகளின் கட்-ஆஃபும் இறங்கும். சென்ற ஆண்டின் பட்டியலைப் பார்த்து இன்றே மனம் உடைவது தவறான கணக்கு.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளிலோ, பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் கூட்டுத்தொகையே அடிப்படை. அங்கே கணிதத்தின் எடை கால் பங்குதான்.

மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகல் பெற்று, ஆசிரியர் ஒருவரிடம் காட்டிய பிறகு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். விண்ணப்பிக்கச் சில நாள்களே அவகாசம் தரப்படும். அந்த நாள்களை அழுகையில் கழித்துவிடக் கூடாது.

மீட்க முடியாத செலவை எண்ணி அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்பது பொருளியலின் பால பாடம். திட்டித் தீர்ப்பதால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை நிதானமாகத் தயாரிக்க வேண்டிய பிள்ளையின் மனத்தெளிவுதான் குறையும்.